ஸ்டியரிங் காலம் மாற்றினாலும் குரூஸ் போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காரைக்குடிக்காரன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் 16 வருஷம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே என் கைக்கு வந்ததில் பாதி பழைய அமெரிக்க பிக்கப் வண்டிகள்தான். இப்போது இங்கே மாருதியும் டாடா ஏஸும் பார்க்கிறேன். ஆனாலும் சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். ரியாத்திலிருந்து ஒருவர், டெக்ஸாஸிலிருந்து ஒருவர், மஸ்கட்டில் என்னிடம் தொழில் பழகிய தம்பி ஒருவன். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஸ்டியரிங் காலம் மாத்தணும், கம்பெனி குரூஸ் போகாம இருக்கணும், என்ன செய்ய?" ஸ்டியரிங் காலம் (column) என்பது வீலைத் தாங்கி, அதன் தண்டை உள்ளே வைத்திருக்கிற குழாய். குரூஸ் என்பது ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் பிடித்து வைக்கிற அமைப்பு. கம்பெனி குரூஸ் என்றால் வண்டியோடு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், குரூஸ் கன்ட்ரோல் என்பது ஸ்டியரிங் காலத்துக்குள் இருக்கிற பொருளா?

இல்லை. இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஆக்ஸிலேட்டரை இழுத்துப் பிடிக்கிற வேக்கம் சர்வோ என்ஜின் பக்கம் இருக்கிறது. வண்டியின் வேகத்தைச் சொல்வது ஸ்பீடோ கேபிள் அல்லது சென்சார். பிடியை விடச் சொல்வது பிரேக் பெடல் ஸ்விட்ச். காலத்தில் இருப்பது டிரைவர் அழுத்துகிற பட்டனும், அதிலிருந்து கீழே இறங்குகிற மூன்று நான்கு மெல்லிய வயரும் மட்டுமே. நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்த வயர்களைத்தான்.

காலம் மாற்றிய பிறகு "குரூஸ் போச்சு" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் சர்வோ நன்றாகவே இருக்கும். அந்த நாலு வயரை யாரோ வெட்டி, டேப் சுற்றி, டேஷ்போர்டுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

நான் அதிகம் பார்த்தது 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகள். இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள், சதுர முகம் கொண்டவை. அதே உடம்போடு சபர்பனும் பிளேசரும் 1991 வரை வந்தன. இவற்றில் குரூஸ் பட்டன் இண்டிகேட்டர் லீவரின் நுனியில் இருக்கும். அடுத்தது 80களின் ஃபோர்ட் எஃப் சீரிஸ். அதில் பட்டன்கள் ஸ்டியரிங் வீலிலேயே இருக்கும், வழி முழுக்க வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஏர்பேக் உள்ள வண்டிக்கு இந்தப் பக்கத்தை நம்பிக் கை வைக்காதீர்கள்.

காலத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமா? பழையதையே சரி பண்ண முடியாதா?

என்னைக் கேட்டால், பத்தில் ஏழு பேர் மாற்றத் தேவையில்லாத காலத்தை மாற்றுகிறார்கள். கம்பெனி குரூஸைக் காப்பாற்ற ஆகச் சுலபமான வழி, கம்பெனி காலத்தைக் காப்பாற்றுவது.

"வீல் லொடலொடன்னு ஆடுது, காலம் போச்சு" என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டில்ட் காலத்தில், அதாவது வீலை மேலும் கீழும் சாய்த்து வைக்க முடிகிற காலத்தில், அந்த ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே தளர்ந்துபோன நாலு போல்ட். டில்ட் மூட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். தலை வெளிப்பக்கம் நட்சத்திரம் மாதிரி இருக்கும், அதற்கு ஈ8 சாக்கெட் வேண்டும். வீலைக் கழற்றி, சாவியை எடுத்ததும் வீலைப் பூட்டுகிற லாக் பிளேட்டைக் கழற்றி, இண்டிகேட்டர் ஸ்விட்சை நகர்த்தி, மேல் கூட்டைப் பிரித்தால் போல்ட் கண்ணில் படும். திரெட்டைத் துடைத்து, போல்ட் தளராமல் பிடிக்கிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஒரு நாள் வேலை, போல்ட்டுக்குக் காசு கிடையாது.

சாவி சிலிண்டர் தேய்ந்துபோனது, இண்டிகேட்டர் தானாகத் திரும்பி வராதது, ஹாரன் விட்டு விட்டு அடிப்பது, இவை எல்லாமே தனித்தனிப் பாகமாகக் கிடைக்கும். இதற்கெல்லாம் முழுக் காலத்தையும் தூக்கிப் போடுவது, தாழ்ப்பாள் கெட்டதற்கு நிலைக்கதவையே பெயர்ப்பது மாதிரி. எங்கள் ஊரில் அப்படிப் பெயர்த்து விற்ற வீடுகள் நிறைய உண்டு, அதனால் சொல்கிறேன்.

மாற்றியே தீர வேண்டிய சமயமும் இருக்கிறது. விபத்தில் சுருங்கிய காலம், துருப்பிடித்து ஓட்டை விழுந்த குழாய், கியர் காலத்தில் இருந்த வண்டியைத் தரை கியராக மாற்றும்போது, சாதா காலத்துக்குப் பதில் டில்ட் வைக்க ஆசைப்படும்போது. சரி, அப்படியானால் தொடர்ந்து படியுங்கள்.

புதிதா, பழைய வண்டியிலிருந்து கழற்றியதா? எதை வாங்கலாம்?

குரூஸ் முக்கியம் என்றால், அதே வரிசை வண்டியிலிருந்து, முன்பே குரூஸ் இருந்த வண்டியிலிருந்து கழற்றிய காலம்தான் என் முதல் தேர்வு. லீவர், வயர், கீழே வயர்கள் வந்து சேரும் கப்ளர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

வெளிக் கம்பெனிகள் செய்து விற்கிற புதுக் காலம் பளபளவென்று இருக்கும், பேரிங் புதிதாக இருக்கும், ஓட்டச் சுகம். ஆனால் அவற்றில் பல, குரூஸ் இல்லாத வண்டியை மனதில் வைத்துச் செய்தவை. இண்டிகேட்டர் லீவர் வெறும் திருகாணிக் கம்பியாக இருக்கும், உள்ளே வயர் போக வழியே இருக்காது. சில கம்பெனிகள் குரூஸ் லீவர் ஏற்கிற மாதிரியும் தருகிறார்கள். காசு கொடுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டும், பார்சல் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

என் அனுபவம் ஒன்று. ஷார்ஜாவில் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு கடையில் புதுக் காலம் ஆர்டர் போட்டேன். போனில் "குரூஸுக்கு ஒத்துவரும்" என்றான். வந்த பெட்டியைப் பிரித்தால், லீவர் போகிற ஓட்டை என் சுண்டு விரல் நகம் அளவுக்கு, உள்ளே திரெட். "குரூஸுக்கு ஒத்துவரும்" என்றால் குரூஸ் உள்ள வண்டியில் மாட்டலாம் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வியையே மாற்றிக்கொண்டேன்: "லீவர் திருகுகிற மாதிரியா, நேராகச் செருகுகிற மாதிரியா? லீவரிலிருந்து காலத்தின் அடி வரை வயர் இறங்க வழி இருக்கிறதா? அந்த இடத்தைப் போட்டோ அனுப்பு."

அளவு விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நீளத்தை இரண்டு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீல் உட்காரும் முனையிலிருந்து டேஷ்போர்டு பிராக்கெட் வரை ஒன்று, பிராக்கெட்டிலிருந்து அடிமுனை வரை ஒன்று. மொத்த நீளம் மட்டும் பொருந்தி, பிராக்கெட் இரண்டு விரல் தள்ளி நின்றால் காலம் ஏறாது.

அடிமுனையில் தண்டைச் சுற்றி வெட்டிய ஸ்ப்லைன் எத்தனை பல், அல்லது இரண்டு பக்கம் தட்டையான டபுள் டி வடிவமா என்று பாருங்கள். முக்கால் அங்குலம் 36 பல் அதிகம் பார்த்திருக்கிறேன், டபுள் டியும் பார்த்திருக்கிறேன். தண்டுகளை வளைவில் இணைக்கிற யூ ஜாயிண்ட் பொருந்தாவிட்டால் அதைத் தட்டி ஏற்றுகிற வேலையே கூடாது. நடுவில் மூன்று யூ ஜாயிண்ட் வந்தால் தண்டைத் தாங்க ஒரு சப்போர்ட் பேரிங் கட்டாயம்.

இண்டிகேட்டர் ஸ்விட்சின் தட்டைக் கப்ளர் ஜெனரல் மோட்டார்ஸில் இரண்டு அகலத்தில் வரும். 3⅞ அங்குலம் ஒன்று, 4¼ அங்குலம் ஒன்று. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றில் ஒன்று ஏறாது. ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். குரூஸ் வயரின் கப்ளர் இதில் சேராது, அது தனி.

அப்புறம், டிம்மர் ஸ்விட்ச் பழைய மாடலில் தரையில் இருக்கும், பிந்திய மாடலில் லீவரை இழுத்தால் மாறும். லீவரில் வைப்பர் இருக்கிறதும் உண்டு, இல்லாததும் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை, வாங்குகிற காலம் எந்த வகை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பழைய லீவரை வயரோடு எப்படி எடுப்பது, புதுக் காலத்துக்குள் எப்படிக் கோர்ப்பது?

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, காலத்தின் அடியில் குரூஸ் கப்ளரைத் தேடிப் பிரியுங்கள். மற்ற கப்ளர்களோடு சேர்ந்து ஒரு கொத்தாக இருக்கும். லீவரிலிருந்து வரும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால் கிடைத்துவிடும். பிரித்ததும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், எந்த ஓட்டையில் எந்த வயர் என்று தெரிகிற மாதிரி.

இப்போது அந்தக் கப்ளரின் வாலில் ஒரு கெட்டியான நூலைக் கட்டுங்கள். பாவாடைக்கு நாடா கோர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பழைய நாடாவின் வாலில் புதிய நாடாவை ஊக்கால் குத்தி, பழையதை இழுத்தால் புதியது தானே உள்ளே போய் உட்காரும். இங்கேயும் அதே வித்தைதான். லீவர் மேலே வரும்போது வயர் வரும், வயர் பின்னால் நூல் வரும். வயர் போன பாதையில் நூல் நிற்கும். திரும்ப அதே காலத்தில் வயர் கோர்ப்பதாக இருந்தால், புது வயரை அந்த நூலில் கட்டி, கீழேயிருந்து மெதுவாக இழுத்தால் முடிந்தது.

நூலை வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டாதீர்கள். ஒருமுறை பாதி வழியில் டேப் வழுக்கி, நூல் மேலே, வயர் உள்ளே என்று ஆகி, ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கக் காலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் பூக்காரி கட்டுகிற மாதிரி இரண்டு வளையம் போட்டு இறுக்கி, அதற்கு மேல்தான் டேப். முடிச்சு வயரைவிடப் பருமனாக இருக்கக் கூடாது. பாதையில் ஒரு குறுகலான இடம் உண்டு, கியர் மாற்றுகிற கிண்ணத்துக்குப் பக்கத்தில், அங்கேதான் சிக்கும்.

லீவரை எடுப்பதில் இரண்டு ரகம். வயர் உள்ள பிந்திய ரக லீவரைக் காலத்தை விட்டு வெளிப்பக்கமாக நேராக இழுத்தால் பட்டென்று வந்துவிடும். முதல் தடவை உடைத்துவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், உடையவில்லை. பழைய ரகம் திருகாணியால் பிடித்திருக்கும். அதை இழுத்தால் உண்மையிலேயே உடையும். எந்த ரகம் என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இழுங்கள்.

புதுக் காலத்தில் நூல் இருக்காது. அதற்கு நான் வைத்திருப்பது ஒரு பழைய சைக்கிள் பிரேக் கேபிளின் உள் கம்பி. வளையும், ஆனால் தள்ளினால் மடியாது. அடியிலிருந்து மேலே தள்ளி, லீவர் ஓட்டையில் எட்டிப் பார்த்ததும் வயரை அதில் கட்டிக் கீழே இழுப்பேன். முனையை ஈயத்தால் உருட்டி வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இண்டிகேட்டர் வயரைக் கீறிவிடும். கப்ளர் உள்ளே நுழையாத அளவு பெரிதாக இருந்தால், பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, படிக்கட்டு மாதிரி முன்னே பின்னே வைத்துக் கட்டி இழுங்கள். அந்தப் போட்டோ இப்போதுதான் உதவும்.

கோர்த்து முடித்ததும் இதைச் செய்யாமல் மூடாதீர்கள். மல்டிமீட்டரைச் சத்தம் போடுகிற நிலையில் வைத்து, ஒரே வயரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் பிடியுங்கள். இன்னொருவரை விட்டு டில்ட்டை மேலிருந்து கீழ் வரை பத்துத் தடவை ஆட்டச் சொல்லுங்கள். காலத்தில் கியர் இருந்தால் பார்க்கிங்கிலிருந்து கடைசி கியர் வரை போய்வரச் சொல்லுங்கள். பீப் சத்தம் ஒரு இடத்திலும் அறுபடக் கூடாது. அறுபட்டால் அந்த நிலையில் வயர் நசுங்குகிறது, அல்லது நீளம் போதாமல் இழுபடுகிறது. டில்ட் மூட்டில் சிறிது தொய்வு விட்டால் சரியாகும்.

லாக் பிளேட்டைக் கழற்ற தனி டூல் வேண்டுமா?

வேண்டும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் சர்க்ளிப் முகத்தில் பறக்கும். அழுத்திப் பிடிக்கிற டூல் விலை அதிகமில்லை. வீலைக் கழற்றவும் இழுத்தெடுக்கிற புல்லர் டூல்தான், அடிக்கக் கூடாது.

ஏன் அடிக்கக் கூடாது? எங்கள் மேஸ்திரி எல்லாவற்றையும் தட்டித்தான் எடுப்பார்.

லாரிக்குத் தட்டட்டும், இதற்கு வேண்டாம். மோதலில் டிரைவரின் நெஞ்சில் குத்தாமல் சுருங்கிக்கொள்ளும்படி காலத்தைச் செய்வது 60களின் பிற்பகுதியில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் 1967 மாடலில் வைத்தது. 1968 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் கார்களுக்கு அது சட்டமானது. மணிக்கு 48 கிலோமீட்டரில் சுவரில் மோதினால் காலத்தின் மேல்முனை 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக் கூடாது என்பது விதி. பிக்கப்புகளுக்கும் இந்த வகைக் காலம் வந்தது. இப்படிச் சுருங்குவதற்காகத் தண்டின் இரண்டு துண்டுகளை உள்ளே பிளாஸ்டிக் ஆணிகள்தான் பிடித்திருக்கும். சுத்தியலால் முனையில் ஓங்கி அடித்தால், காலத்தைச் செங்குத்தாகக் கீழே போட்டால், மேலே சாய்ந்து அழுத்தினால் அந்த ஆணிகள் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய காலம் வாங்கும்போதும் தண்டைப் பிடித்து நீளவாக்கில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். லொட லொட என்றால் வேண்டாம்.

இந்த ஆணிகளைப் பையன்களுக்குக் காட்டுவதற்காகவே ஒரு வெட்டிய காலத்தை ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் போட்டு எடுத்துவந்தேன். திண்ணையில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள், "என்னப்பா இது, உலக்கை மாதிரி?" என்றார். "ஸ்டியரிங் காலம் ஆச்சி" என்றேன். "கலிகாலம் தெரியும், இது என்ன காலமோ!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயர் நிறம் பொருந்தவில்லை. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை நம்பாதீர்கள். 40 வருஷ வண்டியில் யார் யார் கை வைத்தார்களோ. மீட்டரை நம்புங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் பிந்திய எலக்ட்ரானிக் வகையில் லீவரில் நகர்த்துகிற ஸ்விட்ச் ஒன்றும் நுனியில் அழுத்துகிற பட்டன் ஒன்றும் இருக்கும். வயர் நாலு. ஒன்றில் கரண்ட் வருகிறது, மற்ற மூன்றும் ஆன், செட் (இப்போதைய வேகத்தைப் பிடிக்க), ரெஸ்யூம் (விட்ட வேகத்துக்குத் திரும்ப). கப்ளரைப் பிரித்து வைத்து, ஸ்விட்சை ஆனில் தள்ளினால் எந்த இரண்டு வயர் சேருகிறதோ அவை கரண்ட்டும் ஆனும். ரெஸ்யூமுக்குத் தள்ளிப் பிடித்தால் கூடுதலாகச் சேருவது ரெஸ்யூம். பட்டனை அழுத்தினால் சேருவது செட். ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வண்டிப் பக்கத்துக் கப்ளரில் சாவியை ஆன் செய்து, 12 வோல்ட் எதில் வருகிறது என்று பாருங்கள், கரண்ட் வயர் எது என்பது உறுதியாகிவிடும்.

70களின் வகை வேறு. அதில் ஸ்பீடோ கேபிளே என்ஜின் பக்கம் இருக்கும் ஒரு பெட்டி வழியாகப் போய் வரும், வேகத்தைப் பிடிப்பது அந்தப் பெட்டிதான். பிந்திய வகை லீவரை அதில் மாட்டினால் நடக்காது. லீவரும் பெட்டியும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

புதுக் காலத்தில் குரூஸ் லீவர் ஏறவே ஏறாது. வேறு வழி?

ஸ்விட்சை வெளியே கொண்டுவந்துவிடலாம். பழைய லீவரின் உள்ளே இருப்பது சாதாரண ஸ்விட்ச்தானே. டேஷ்போர்டின் அடி விளிம்பில் ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச், விட்டால் திரும்பி வருகிற பட்டன் இரண்டு. அதே நாலு வயரில் சேர்த்தால் பழைய சர்வோவும் அதை இயக்குகிற எலக்ட்ரானிக் மாட்யூலும் வித்தியாசம் தெரியாமல் வேலை செய்யும். கம்பெனி குரூஸ் அப்படியே இருக்கிறது, பட்டன் மட்டும் இடம் மாறியிருக்கிறது. பார்வைக்கு அழகு குறைவுதான், எனக்கு அதில் வருத்தமில்லை.

வெட்டிச் சேர்க்கும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். ஈயம் வைத்து ஸ்லீவ் போடுங்கள், அல்லது நல்ல கிரிம்ப். வயர் ஸ்டியரிங் தண்டைத் தொடுகிற தூரத்தில் தொங்கக் கூடாது. சுழல்கிற தண்டில் ஒரு வயர் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதே காரணத்துக்காக, காலக் குழாயில் ஓட்டை போட்டு வயரை வெளியே எடுக்கிற யோசனையும் வேண்டாம்.

என்னுடையது ஃபோர்ட். பட்டன் வீலில் இருக்கிறது. அதற்கு?

80களின் எஃப் சீரிஸில் எனக்குப் பிடித்ததே இந்த வேலைதான், கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள். வீல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதில் ஐந்து பட்டனுக்கு ஐந்து வயர் எப்படி விடுவது? ஒரே வயரில் ஐந்து சேதி அனுப்புகிறார்கள். ஆன் அழுத்தினால் அந்த வயரில் 12 வோல்ட். ஆஃப் அழுத்தினால் நேரே எர்த். செட் அழுத்தினால் 680 ஓம் மின்தடை (ரெசிஸ்டர்) வழியாக எர்த். வேகம் குறைக்கிற கோஸ்ட் பட்டன் 120 ஓம். ரெஸ்யூம் 2,200 ஓம். குரூஸ் பெட்டி அந்த ஓமைப் படித்து எந்தப் பட்டன் என்று புரிந்துகொள்கிறது.

வீலின் பின்னால் செம்பு வளையங்களும் அவற்றைத் தொடுகிற பிரஷ்களும் இருக்கும். காலம் மாற்றும்போது புதுக் காலத்திலும் அந்தப் பிரஷ் இருக்க வேண்டும், வீலும் பட்டன் உள்ள கம்பெனி வீலாகவே இருக்க வேண்டும். அழகுக்கு மர வீல் மாட்டினால் பட்டன் போய்விடும்.

சோதிக்க: பேட்டரியைக் கழற்றி, குரூஸ் பெட்டியின் கப்ளரைப் பிரித்து, காலத்தின் அடியில் அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓம் பாருங்கள். செட்டை அழுத்திக்கொண்டே வீலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். 680 என்பது அசையாமல் நிற்க வேண்டும். குதித்தால் வளையத்தில் அழுக்கு. துடைத்து, பிரஷின் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

பட்டன் உள்ள வீலே வைக்க முடியாத நிலை என்றால், மூன்று ரெசிஸ்டரும் ஐந்து பட்டனும் போட்டு டேஷ்போர்டுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்யலாம். ரெசிஸ்டர் எந்த ரேடியோ ரிப்பேர் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

எல்லாம் மாட்டிவிட்டேன், குரூஸ் பிடிக்கவில்லை. எதை முதலில் பார்ப்பது?

எந்த வேகத்தில் முயன்றீர்கள்? மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே ஜெனரல் மோட்டார்ஸ் எலக்ட்ரானிக் குரூஸ் பிடிக்கவே பிடிக்காது. ஒர்க்‌ஷாப் வாசலில் உருட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று போன் செய்தவர்கள் உண்டு.

ஃபோர்டாக இருந்தால் ஹாரனை அடித்துப் பாருங்கள். ஆன் பட்டனுக்குக் கரண்ட் வருவது ஹாரன் வழியில்தான். ஹாரன் ஃபியூஸ் போயிருந்தால் குரூஸும் போகும். அதே ஃபோர்டில் பின்னால் பிரேக் பல்பை எல்இடியாக மாற்றியிருக்கிறீர்களா? பெட்டி அந்த பல்பின் இழை வழியாகத்தான் எர்த் தேடுகிறது. எல்இடி போட்டால் அது கிடைக்காமல், குரூஸ் பிடிக்காது. காலத்தைக் குறை சொல்லிக்கொண்டு மூன்று நாள் அலைந்த ஒருவருக்கு 2 பழைய பல்பில் தீர்ந்தது.

ஜெனரல் மோட்டார்ஸில் நான் முதலில் குனிந்து பார்ப்பது பிரேக் பெடலை. காலத்தை இறக்கும்போது முழங்கை பட்டோ, காலமே இடித்தோ, பெடலின் ஸ்விட்சும் வேக்கம் வால்வும் இடம் நகர்ந்திருக்கும். பிரேக் மிதித்தே இருக்கிறது என்று குரூஸ் நினைத்துக்கொள்ளும். ஸ்விட்சைக் கிளிப்பில் முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, பெடலைக் கையால் பிடித்து மேலே இழுங்கள். கட், கட், கட் என்று பல் நகரும் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. வால்வின் ரப்பர் குழாய் கழன்றிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கிளட்ச் உள்ள வண்டியில் அங்கேயும் ஒரு ஸ்விட்ச் உண்டு.

மீட்டர் போர்டைக் கழற்றியிருந்தால், ஸ்பீடோ கேபிள் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். முள் அசையாவிட்டால் அதுதான்.

பிரேக் ஸ்விட்ச் தொல்லையாக இருக்கிறது. ஷார்ட் பண்ணிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. பிரேக் மிதித்தால் விடாத குரூஸ், குரூஸே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸில் கரண்ட்டை அறுக்க ஒன்று, வேக்கத்தை வெளியேற்ற ஒன்று என்று இரண்டு வழி வைத்திருப்பது ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றத்தான். வேலை முடிந்ததும் ஆளில்லாத ரோட்டில் 60, 70ல் பிடிக்கவிட்டு, பெடலை லேசாகத் தொட்டு விடுகிறதா என்று பாருங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தும் பாருங்கள். இந்தச் சோதனைக்கு முன் வண்டியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இந்தக் குரூஸை யார் கண்டுபிடித்தது?

ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க என்ஜினியர். ஐந்து வயதில் கண் பார்வை போனவர். அவரை உட்காரவைத்து வண்டி ஓட்டிய வக்கீல், பேசும்போது வேகத்தைக் குறைப்பதும் கேட்கும்போது கூட்டுவதுமாகக் குலுக்கியதில் எரிச்சல்பட்டு டீட்டர் இதை யோசித்தார் என்பார்கள். 1950ல் காப்புரிமை. 1958ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் வந்தது. திருமயம் தாண்டிப் புதுக்கோட்டை போகும்போது எங்கள் ஊர் டாக்ஸிகளில் உட்கார்ந்து பார்த்தால் அந்த எரிச்சல் நன்றாகவே புரிகிறது.

எத்தனை நாள் ஆகும்?

முதல் தடவை என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்திருப்பீர்கள். பழகியவனுக்கு ஒரு பகல்.

கழற்றிய பழைய காலத்தை இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?

போடும் முன் லீவர், இண்டிகேட்டர் ஸ்விட்ச், ஹாரன் கேம், சாவி சிலிண்டர், டில்ட் ஸ்பிரிங், அந்த நாலு நட்சத்திர போல்ட், குரூஸ் கப்ளரின் இரண்டு பக்கமும் ஒரு சாண் வயரோடு, இவ்வளவையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். போன வருஷம் டெக்ஸாஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த உடைந்த லீவருக்கு, என் டப்பாவிலிருந்த ஸ்விட்ச்தான் உயிர் கொடுத்தது. மிச்சக் குழாயை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். என் திண்ணையில் கிடப்பதை முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவர் பார்த்துவிட்டு, "எந்தக் கப்பலோடது?" என்று கேட்டு விலை பேசினார். கொடுக்கவில்லை.